தறி வீட்டில் தொட்டிக் கீரை: விளக்கா, கண்ணாடி ஓடா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் நெசவாளர் வீடு என்றால், பாதி வீடு தறிக்குப் போய்விடும். குழித்தறியும் பாவும் போக மிஞ்சிய இடத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அங்கே தோட்டம் போட இடம் ஏது? ஆகவே வீட்டுக்குள்ளேயே தொட்டி வைத்து, மேலே விளக்குப் போட்டுக் கீரை வளர்க்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்புதான். இதற்கென்றே ஊதா ஒளி வீசும் 'வளர்ப்பு விளக்குகள்' விற்பனைக்கு வந்துள்ளன. நெசவாளர் குடும்பங்கள் இவற்றுக்குப் பணம் போடுவது வீண் செலவே.

இத்தகைய வீட்டு விளக்குகளுக்கு மேல்நாடுகளில் பெரிய வாடிக்கையாளர்கள் கஞ்சா வளர்ப்போர். நம் நாட்டிலோ 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு கஞ்சாச் செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அது கிடக்கட்டும். விலை மிகுந்த சரக்குக்காக அவர்கள் செய்யும் செலவை, ஒரு கட்டுக் கீரைக்காக நாம் செய்தால் கட்டுப்படியாகுமா?

செடிக்குச் சிவப்பும் நீலமும் மிகவும் பயன்படும் என்பது மெய்யே. ஆனால் வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கிலும் அவ்விரண்டும் உள்ளன. அதோடு, ஊதா வெளிச்சத்தில் நூலின் நிறம் தெரியாது. பச்சை எது, கறுப்பு எது என்று தடுமாற வேண்டியதுதான். நிறம் பார்த்து நெய்யும் வீட்டில் இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. குண்டு பல்போ பெரும்பாலும் சூடாகவே செலவாகி, அருகிலுள்ள இலையைக் கருக்கும்.

நடுப்பகல் வெயிலின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். இருபது வாட் குழல் விளக்கை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டாலும் இலைக்குக் கிடைப்பது சில ஆயிரம் லக்ஸ்தான். கூரையில் மாட்டிய விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாற்றுக்கும் வெந்தயக் கீரைக்கும் புதினாவுக்கும் இது ஓரளவு போதும்; மிளகாயும் தக்காளியும் இந்த ஒளியில் காய்க்கா. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் சுமார் பதினான்கு யூனிட் ஆகும். கைத்தறியாளருக்கான இலவச மின்சாரம் 2023இல் இரு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது உண்மை. அது தறிக்காகத் தரப்பட்டது என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

ஓட்டு வீடாயின், கூரையில் இரண்டு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிப்பதே சிறந்த வழி. ஒரு முறை செலவு. பிறகு சூரியன் பில் அனுப்பமாட்டான். வெளிச்சம் விழும் இடம் பொழுதுக்குப் பொழுது நகரும் என்பதால், தொட்டியை அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

தொட்டியில் மண்தொட்டியே மேல். அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து காற்றுப் புகுவதால் வேர் அழுகாது. பிளாஸ்டிக் வாளி இலேசானது, நகர்த்த எளிது. ஆனால் நிழலான வீட்டுக்குள் அதில் ஈரம் காயவே காயாது. எதுவானாலும் அடியில் துளையிட்டு, ஓட்டுச் சில்லு போட்டு, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். கீரைக்கு ஆழம் அரை அடி போதும், அகலம்தான் முக்கியம். சாயம் கழுவிய நீரை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது.

பலர் மறப்பது ஒன்று உண்டு. தறி அறைக்குள் தொட்டி வைக்கவே கூடாது. கசியும் நீர் குழிக்குள் இறங்கும். ஈரக் காற்றில் சரிகை கறுக்கும். நீர் தெளிக்கும்போது தெறிக்கும் ஒரு துளிச் சேறு, பல நாள் உழைத்த சேலையின் விலையைக் குறைத்துவிடும். கீரை லாபம் சில ரூபாய். நட்டமோ கூலியில் விழும். ஆகவே தொட்டிகளின் இடம் சமையற்கட்டு ஜன்னலும் திண்ணையும்தான். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரை, கொசு முட்டையிடாமல் இருக்க, வாரம் ஒரு முறையேனும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.