நலம் நாடுவோம்: சளிக்குக் கஞ்சாப் புகை மருந்தாகுமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் திருப்பதியில் இரண்டு கூட்டங்கள் சேரும். ஒன்று மலையேறும் பக்தர் கூட்டம். மற்றொன்று வைத்தியர் வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டு காத்திருக்கும் கூட்டம். ரயிலடியில் வேலை பார்க்கும் நமக்கு இவ்விரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்குவனபோலவே தோன்றும். அது வெறும் தோற்றமும் அன்று. 1918-ஆம் ஆண்டு விஷஜுரம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பாதை வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைக் கொண்டு போயிற்று என்பது சரித்திரம்.

சென்ற இதழில் மழைக்காலத்துக் குடிநீரைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையிலிருந்து சகோதரி ஒருவர் கடிதம் வரைந்திருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். "ஜலதோஷத்துக்கும் ஜுரத்துக்கும் கஞ்சா நல்லது, அது மூலிகைதானே, நெஞ்சைத் திறக்கும் என்று என் மகனிடம் அவன் சிநேகிதர்கள் சொல்கிறார்களாம். அவன் என்னிடமே வாதாடுகிறான். இதற்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்கிறார். நாம் மெட்ரிகுலேஷன் வரை படித்த குமாஸ்தா, வைத்தியர் அல்லர். ஆயினும் இவ்விஷயத்தில் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. அதன் பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவையும் உண்டு. இரண்டையும் எழுதுகிறோம்.

2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீதிகளில் வெள்ளம் ஓடியது, மலைப்பாதை மூடப்பட்டது. மழை ஓய்ந்த சில நாட்களில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் வீட்டுக்கு வீடு இருமல். அடுத்த வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருடைய மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மூக்கடைப்பு, உடல்வலி, ஜுரம். கோவிட் அச்சம் நீங்காத காலமாகையால் உடனே சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. ஜுர மாத்திரையும், மூக்கொழுகலுக்குக் கடையில் வாங்கிய மஞ்சள் மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை நண்பன் ஒருவன் பார்க்க வந்து, மாடிக்கு அழைத்துப்போனான். இரவு ஒன்பது மணிக்கு அண்ணாச்சியின் வீட்டிலிருந்து அலறல் கேட்டது. நாம் ஓடினோம். பையன் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தான். நெற்றியில் காயம். முகம் வெளிறி, உடல் வியர்த்து, மார்பு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "நான் சாகப்போகிறேன், அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசினான். தாயார் ஜன்னி கண்டுவிட்டது என்றே எண்ணி அழுதார்.

ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் வைத்தியர் தெலுங்கில் கேட்டார். அண்ணாச்சிக்கு ரயிலடித் தெலுங்கு மட்டுமே வரும். அந்த அம்மாளுக்குக் காய்கறித் தெலுங்கு. வீட்டில் சரளமாகத் தெலுங்கு பேசக்கூடியவன் பையன் ஒருவனே; அவனோ படுக்கையில் கிடந்தான். ஆகவே துவிபாஷி வேலை நம் தலையில் விழுந்தது. "என்ன மருந்து கொடுத்தீர்கள்? வேறு ஏதாவது உட்கொண்டானா?" என்றார் வைத்தியர். ஜுர மாத்திரை என்றோம். கழுத்தை வளைத்துப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், மூளைஜுரமோ என்னும் ஐயத்தில் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க நேரலாம் என்றார். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்தார். சட்டைப் பையிலிருந்து சிறு காகிதப் பொட்டலம் ஒன்றைக் காட்டினார். மாடியில் கிடந்ததாம். "தம்பி, இதைச் சொன்னால் போலீஸ் வரும். பையன் படிப்பு போகும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை முதுகில் ஊசி. நான் என்ன செய்ய?" என்றார். முப்பது வருஷம் ஒரு கெட்ட பெயரும் வாங்காமல் டியூட்டி பார்த்த மனிதர். அவர் கை நடுங்கியதை நாம் பார்த்தோம். நாமும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியில் அண்ணாச்சியே போய், "கஞ்சாயி, சார்" என்று ஒரே சொல்லாகச் சொன்னார். தெலுங்கில் அதற்கு அதுதான் பெயர். வைத்தியர் ஏறிட்டுப் பார்த்தார், கோபிக்கவில்லை. எப்பொழுது, எவ்வளவு, புகையா அல்லது தின்றானா, அதோடு எந்த மாத்திரை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். ஊசியைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டு, பையனை வெளிச்சம் குறைந்த அறையில் படுக்க வைத்து, நாடியைக் கவனித்து வந்தார். விடியுமுன் அவன் தெளிந்து, தாயாரிடம் காப்பி கேட்டான். ஜுரம் மேலும் இரண்டு நாள் இருந்து தானாகவே இறங்கிற்று.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். சிநேகிதர்கள் சொல்வது முழுப் பொய்யானால் விடை சொல்வது எளிது. அதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் தொல்லை. கஞ்சாவிலுள்ள முக்கிய வஸ்து மூச்சுக்குழாய்களைச் சிறிது நேரம் விரியச் செய்வது பரிசோதனைகளில் கண்ட செய்தி. வலியை மழுங்கச் செய்யும், உறக்கம் தரும். சளி பிடித்தவனுக்கு வேண்டியவை இம்மூன்றுமே அல்லவா? ஆகையால் முதல் அரைமணி நேரம் அவன் குணமடைந்ததாகவே நினைப்பான். ஆனால் அந்த வஸ்து உள்ளே போவது புகையாக. எரிகிற இலை எதுவாயினும் அதன் புகையில் தாரும் காரமும் உண்டு. புகையிலைக்கு உள்ள குற்றங்களில் பெரும்பாலானவை இதற்கும் உண்டு. போதாக்குறைக்குக் கஞ்சா பிடிப்பவன் புகையை ஆழ இழுத்து நெஞ்சில் நிறுத்தி வைக்கிறான். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. விஷஜுரக் கிருமி அவற்றைத்தான் முதலில் தாக்குகிறது. புண்பட்ட அவ்விடத்திலேயே புகையையும் ஏற்றினால் சளி வெளிவருவதற்குப் பதில் உள்ளே தங்கும். நெடுநாள் பிடிப்பவருக்கு ஓயாத இருமலும் கபமும் நிற்பது வைத்தியர் யாவரும் அறிந்தது.

நாடி விஷயம் இன்னும் முக்கியம். கஞ்சாப் புகை உட்சென்ற சில நிமிடங்களில் இருதயத் துடிப்பு ஐந்தில் ஒரு பங்கோ, சிலருக்குப் பாதியளவோ கூடுதலாகும். இரண்டு மூன்று மணி நேரம்கூட அது நீடிக்கலாம். ஜுரத்தில் ஏற்கெனவே நாடி விரைந்து ஓடுகிறது. பட்டினியும் வியர்வையுமாக உடலில் நீர் வற்றியிருக்கிறது. அந்நிலையில் சட்டென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்தப் பையன் குளியலறை வாசலில் விழுந்த மர்மம் இதுவே. மூக்கொழுகலுக்குத் தரும் பழைய மாத்திரைகள் பலவும் தூக்கம் வருவிப்பவை. சில இருமல் மருந்துகளும் அப்படியே. கஞ்சாவோடு அவை சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். தெலுங்கு நண்பர்கள் சிலர், "புகைதானே கெடுதல், பாலில் அரைத்துக் குடித்தால் என்ன?" என்பார்கள். அது வேலை செய்ய ஒரு மணி, இரண்டு மணி ஆகும். ஒன்றும் ஏறவில்லையே என்று மறுபடி குடித்தவர் பட்ட பாடு புகைத்தவர் பாட்டைக் காட்டிலும் நெடியது.

சிலும்பி கைமாறுவதையும் சொல்லவேண்டும். ஒருவன் வாய் வைத்ததில் நால்வர் வாய் வைத்தால் ஒருவன் ஜலதோஷம் நால்வருக்கும் ஆயிற்று. ஜலதோஷத்தோடு போனால் பாதகமில்லை. க்ஷயமும் இவ்வழியே பரவக்கூடும். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2004-ஆம் ஆண்டு மூடிய காருக்குள் கூடிக் கஞ்சா பிடித்த வாலிபரிடையே க்ஷயரோகம் பரவியதை அந்நாட்டுச் சுகாதார இலாகாவினர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

"அந்தக் காலத்தில் மருந்தாக இருந்ததே" என்பது அடுத்த வாதம். இருந்தது, மறுக்கவில்லை. சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கிய நாளில், அதே ஜில்லாவின் ஜவ்வாது மலையில் சர்க்கார் உரிமத்தின்பேரில் கஞ்சா பயிராயிற்று. 1893-94-ல் சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது. ஈரத்திலும் குளிரிலும் உழைப்பவர்கள் உடல் காக்க அதை உபயோகிப்பதாகப் பலர் சொன்னார்கள். அளவோடு கொள்வதால் பெருங்கேடு இல்லை என்றே கமிஷனும் எழுதிற்று. அதற்கு முன்பே 1839-ல் கல்கத்தாவில் ஓஷானஸி என்ற வைத்தியர் அதன் குணங்களை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் அவரே! ரயில்வேக்காரராகிய நமக்கு அவரிடம் தனி மரியாதை உண்டு. எனினும் அவர் சோதித்தது வாதம், இசிவு, வாந்திபேதி போன்ற நோய்களில். மருந்துக்கடையில் டிங்க்சராக விற்ற காலத்திலும் ஒரு புட்டியின் வீரியம் மறு புட்டிக்கு இல்லை என்பதே வைத்தியர்களின் குறை. நம் சித்த வைத்தியர்களும் சுத்தி செய்து, வேறு சரக்குகளுடன் அளவறிந்து கூட்டி, சில நோய்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். இன்றைய மருந்துச் சட்டத்திலும் அது நச்சுச் சரக்குகளின் அட்டவணையிலேயே இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை வைத்தியர் மேற்பார்வையில் உட்கொள்க என்று சீட்டு ஒட்டவேண்டும். மாடியில் கைமாறும் பொட்டலத்தில் எந்த வைத்தியர் சுத்தி செய்தார்?

அந்தப் பொட்டலம் வரும் வழியையும் நாம் அறிவோம். விசாகப்பட்டினத்து மலைப்பகுதிகளில் விளைந்து, சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் தெற்கே இறங்குகிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு, உபயோகிப்பதும் குற்றமே. அண்ணாச்சியின் அச்சம் வீண் அச்சம் அன்று. ஆனால் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவன் தானாக முன்வந்து சர்க்கார் அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், சிறு அளவுக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதை நம்மவரில் பலர் அறியார். வைத்தியர் கேட்பதோ வழக்குப் போடுவதற்கு அன்று. எந்த ஊசியை நிறுத்துவது, எதைப் போடுவது என்று முடிவு செய்வதற்கு.

சாதாரண ஜலதோஷம் ஒரு வாரத்தில் போகும். விஷஜுரமும் பெரும்பாலோருக்கு அப்படியே. ஓய்வு, வெந்நீர், கஞ்சி, உப்பு நீரில் கொப்பளித்தல், அளவான ஜுர மாத்திரை, இவை போதும். இருமலுக்கு ஒரு கரண்டித் தேன் இதம் தரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. மழைக்காலத்தில் டெங்குவும் இவ்வேஷத்தில் வருமாகையால் ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளைக் கேளாமல் வாங்கவேண்டாம். மூச்சுத் திணறல், மார்பு வலி, பேச்சுத் தடுமாற்றம், மூன்று நாளுக்கு மேல் இறங்காத ஜுரம், இறங்கிய ஜுரம் மீண்டும் ஏறுதல், இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் வைத்திருக்கலாகாது.

அன்றிரவு நாம் அடுத்த வீட்டில் இல்லாதிருந்தால் அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி இன்றளவும் நம்மை விட்டபாடில்லை. ஆகவே சில தெலுங்கு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். கத்தரித்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளலாம்.

"மூடு ரோஜுலுகா ஜ்வரம்": மூன்று நாளாக ஜுரம்.

"ஊபிரி ஆடடம் லேது": மூச்சு விட முடியவில்லை.

"ஈ மாத்ரலு இச்சாமு": இந்த மாத்திரைகளைக் கொடுத்தோம்.

"மா அப்பாயி கஞ்சாயி தாகாடு": எங்கள் பையன் கஞ்சா பிடித்தான்.

கடைசி வாக்கியத்தை அச்சிடத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். அதைச் சேர்க்கச் சொன்னவர் அண்ணாச்சி.