கடற்காற்றும் வலையட்டையும்

ஒரு பொருளின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர் வாங்கிய அன்று மகிழ்கிறார். அதன் உழைப்பையும் சேர்த்துப் பார்ப்பவர் பல ஆண்டுகள் மகிழ்கிறார். மீன்பிடி வலை வாங்கும் எமது கரையோர மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நூலின் தடிப்பையும் கண்ணின் அளவையும் விரலால் அளந்து, முடிச்சை இழுத்துப் பார்த்த பின்னரே அவர்கள் பணத்தை எடுப்பர். ஆனால், அதே குடும்பத்தார் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் கணினிக்கு ஓர் உறுப்பு வாங்கச் சென்றால், கடைக்காரர் எடுத்து நீட்டியதைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே காரணம். ஆதலின், அவ்வுறுப்புகளுள் ஒன்றாகிய வலையமைப்பு அட்டையைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டிலே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் அணைத்து நிற்கும் நிலத்தில் எத்தாளை என்னும் ஊர் அமைந்துள்ளது. கடற்றொழிலும் தோட்டச் செய்கையுமே இக்குடாநாட்டு மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இத்தகைய ஊர்களின் பிள்ளைகளும் இணைய வழியே பாடம் கேட்க நேர்ந்தது. கைத்தொலைபேசியின் சிறு திரையில் கண்களைச் சுருக்கிப் படித்த பிள்ளைக்கு ஒரு பழைய கணினியாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாத பெற்றோர் இலர். 2022ஆம் ஆண்டிலோ, ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கணினி உறுப்புகள் யாவும் அதனோடு சேர்ந்து விலையேறின. ஒரு முறை தவறாக வாங்கினால், மறுமுறை வாங்குவதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதே அன்று முதல் பல குடும்பங்களின் நிலை.

கணினியோடு வந்த இணையத் துளை இருக்க, தனியாக ஓர் அட்டை எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. எமது நாட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இடிமழை மிகுதி. மின்னல் வீட்டின்மேல் விழ வேண்டுமென்பதில்லை. அயலில் விழுந்தாலே தொலைபேசிக் கம்பியிலும் மின்கம்பியிலும் மின்னழுத்தம் ஒரு கணம் பொங்கியெழும். அது ரவுட்டருக்குள் புகுந்து, வடத்தின் வழியே கணினியைச் சேர்ந்து, தாய்ப்பலகையோடு இணைந்த வலையமைப்புத் துளையைக் கருக்கிவிடும். மறுநாள் கணினி வழமைபோல் இயங்கும். இணையம் மட்டும் வராது. அந்நிலையில் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டுமென்று சிலர் கூறக்கூடும். பலகையின் மற்றப் பாகங்கள் நலமாயிருப்பின் அது வீண் செலவு. பலகையின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும் வலையட்டையே போதுமானது.

எனினும், அட்டை வாங்கப் புறப்படுமுன் நோய் எங்கே என்பதை அறிதல் வேண்டும். முதலில் வேறொரு வடத்தை மாட்டிப் பாருங்கள். பின்னர், ரவுட்டரின் வேறொரு துளையில் அதனைச் செருகுங்கள். அதன்பின், அதே வடத்தை நண்பரின் மடிக்கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே இணையம் வந்து, உங்கள் கணினியின் துளையில் சிறு விளக்கு எரியாமலும், சாதன முகாமையாளர் பட்டியலில் அட்டையின் பெயர் காணப்படாமலும் இருந்தால், பழுது உங்கள் துளையில் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாறாக, கணினி இடையிடையே உறைந்து நிற்பதும் தானே அணைவதுமாக இருந்தால், கேடு பலகைக்குள்ளும் பரவியிருக்கலாம். அதற்கு அட்டை வாங்குவது பயன் தராது.

இனி, இவ்வட்டை எங்ஙனம் தோன்றியது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இதன் வரலாறும் கடல் சூழ்ந்த ஓர் இடத்திலேயே தொடங்குகிறது. பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளிலே, பல்கலைக்கழகத்தின் கணினியைத் தீவுகளோடு வானொலி அலைகளால் இணைக்கும் அலோஹா என்னும் வலையமைப்பு 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. நோர்மன் ஏப்ரம்சன் என்பார் அதனை முன்னின்று நடத்தினார். அதனை ஆராய்ந்த ரொபேட் மெற்காஃப், 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வுகூடத்தில், ஒரே வடத்தில் பல கணினிகள் முறைவைத்துப் பேசும் வழியொன்றை வகுத்தார். அதற்கு ஈதர்நெற் என்று பெயரிட்டார். 1983ஆம் ஆண்டில் அது பொது நியமமாயிற்று. தொடக்கத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிற்றாக இருந்த வேகம், 1995இல் 100 மெகாபிற்றாகவும், 1999இல் சாதாரணச் செப்பு வடத்திலேயே 1000 மெகாபிற்றாகவும் உயர்ந்தது. நியமம் ஒன்றே ஆகையால், எந்த நிறுவனத்தின் அட்டையும் எந்த நிறுவனத்தின் ரவுட்டரோடும் பேசும். இரண்டும் தமக்கு இயன்ற உயர்ந்த வேகத்தைத் தாமே ஒத்துக்கொள்ளும். ஏழைக்கும் எட்டும் விலையில் அட்டை கிடைப்பதற்கு இப்பொது நியமமே பெருங்காரணம்.

அட்டையைத் தெரிவு செய்வதில் முதலாவது, அது செருகப்படும் இடம். கணினிப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் கடைக்குச் செல்லாதீர்கள். மிகப் பழைய கணினிகளில் பீசீஐ என்னும் நீண்ட துளைகள் இருக்கும். பெரும்பாலும் அவை வெண்ணிறமானவை. பின்வந்தவற்றில் பீசீஐ எக்ஸ்பிரஸ் என்னும் துளைகள் உண்டு. அவற்றுள் வலையட்டைக்கு ஏற்றது மிகச் சிறியது. ஒன்றுக்குரிய அட்டை மற்றொன்றில் பொருந்தாது. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் ஒடுங்கிய பெட்டிகளுக்கு அட்டையின் உலோகத் தகடும் குட்டையானதாக இருத்தல் வேண்டும். இருவகைத் தகடுகளும் உள்ளே வைக்கப்பட்ட அட்டையாயின் கவலையில்லை. துளைகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் சென்று கடையில் காட்டுவது மிக எளிய உபாயம்.

இரண்டாவது, அட்டையின் நடுவிலுள்ள சில்லு. பெட்டியின்மேல் எப்பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், வேலை செய்வது சில்லே. வீட்டுப் பாவனைக்குரிய அட்டைகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது தைவான் நாட்டு ரியல்ரெக் நிறுவனத்தின் சில்லு. 1000 மெகாபிற் அட்டைகளில் அது 8111 அல்லது 8168 என்னும் எண்ணைத் தாங்கியிருக்கும். 8139 என்னும் எண் 100 மெகாபிற்றுக்குரிய பழையது. இன்ரெல் நிறுவனத்தின் சில்லுகள் இரவு பகலாக இயங்கும் கணினிகளுக்குப் புகழ்பெற்றவை. அப்புகழ் காரணமாகவே அப்பெயரில் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. மிகக் குறைந்த விலைக்கு இன்ரெல் அட்டை கிடைக்கின்றதெனில் மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். போலி இன்ரெல்லை வாங்குவதிலும் பார்க்க உண்மையான ரியல்ரெக் மேலானது.

சில்லைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டையை இயக்கும் செலுத்தி என்னும் மென்பொருள் இல்லாவிடின் அட்டை வெறும் தகடே. அம்மென்பொருளை இணையத்திலிருந்து பெறலாம் என்பர். ஆனால், அட்டை இயங்கினாலன்றி இணையம் இல்லையே! மேற்கூறிய பரவலான சில்லுகளை லினக்சும் அண்மைக்கால விண்டோசும் பெரும்பாலும் தாமே இனங்கண்டுகொள்ளும். அவ்வாறு அமையாவிடின், கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் கணினியோடு இணைத்து, அதன் தரவைத் தற்காலிகமாகப் பகிர்ந்து, செலுத்தியை இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றமையால், பழைய கணினி வைத்திருப்போர் பலர் லினக்சை நாட நேரும். அவர்கள் தம் சில்லின் எண்ணை அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

மூன்றாவது வேகம். இங்கேதான் பலர் வீணே செலவிடுகின்றனர். உங்கள் இணைய இணைப்பு வினாடிக்கு 20 மெகாபிற் என்று வைத்துக்கொள்வோம். 1000 மெகாபைற் அளவுள்ள பாடக் காணொளி ஒன்று 8000 மெகாபிற் ஆகும். அது வந்து சேர 400 வினாடிகள், அதாவது 6 நிமிடமும் 40 வினாடியும் செல்லும். 100 மெகாபிற் அட்டை போட்டாலும் அதே நேரந்தான். 2500 மெகாபிற் அட்டை போட்டாலும் அதே நேரந்தான். கிணற்றில் ஊறும் நீர் கொஞ்சமாயிருக்க, வாளியைப் பெரிதாக்கி ஆவதென்ன? ஆயினும், 1000 மெகாபிற் அட்டைக்கும் 100 மெகாபிற் அட்டைக்கும் விலை வேறுபாடு சிறிதாயிருந்தால் முன்னையதையே வாங்கலாம். அது பிற்காலத்துக்கும் உதவும். அதற்கு மேற்பட்டது வீட்டுக்குத் தேவையில்லை.

பெட்டியைத் திறக்க அஞ்சுவோரும் மடிக்கணினி உடையோரும் யூஎஸ்பியில் செருகும் சிறு கருவியை வாங்கலாம். யூஎஸ்பி 2 துளையின் உச்ச வேகமே 480 மெகாபிற் ஆகையால், 1000 என்று மேலே எழுதியிருந்தாலும் அங்கே அவ்வேகம் வராது. வீட்டு இணையத்துக்கு அதுவே தாராளம். கம்பியில்லா வைஃபை அட்டை வாங்குவோர், 2.4 கிகாஹேட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவும் என்பதையும், 5 கிகாஹேட்ஸ் அலை விரைவானதாயினும் சுவருக்கு விரைவில் தளரும் என்பதையும் நினைவிற் கொள்க. தகரத் தடுப்பும் தகரக் கூரையும் இரண்டையுமே மறிக்கும். இயன்றவிடத்து வடமே நம்பத்தக்கது. 100 மீற்றர் தூரம்வரை அது தளராது.

இனி, கரையோர ஊர்களுக்கே உரிய பகையைக் கூற வேண்டும். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு கலந்து உலோகத் தொடுகைகளில் படிந்தால் அவை அரிபடும். வண்டியின் இரும்பைத் தின்னும் அதே உப்பு கணினியையும் விட்டுவைக்காது. அட்டையின் அடிவிளிம்பிலுள்ள தொடுகைகள் பொன்முலாம் பூசியவை. அவை பளிச்சென்று, கீறலும் கறையுமின்றி இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு காணப்படும் பழைய அட்டையை இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள். கணினியைக் கடல் நோக்கிய சாளரத்தருகே வைக்காதிருத்தலும், வெற்றுத் துளைகளை மூடிவைத்தலும் செலவில்லாத காப்புகள்.

வடத்தை வாங்குவதிலும் இவ்விழிப்பு வேண்டும். அலுமினியக் கம்பியின்மேல் செப்பு முலாம் பூசிய வடங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அலுமினியத்தின் மின்கடத்துந்திறன் செப்பினதில் ஏறக்குறைய 61 வீதமே. மேலும், அது வளைத்தால் எளிதில் முறியும். முலாம் உரிந்த இடத்தில் உப்புக் காற்றுப் பட்டால் விரைவில் அரிபடும். கம்பி நுனியைக் கத்தியாற் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியொத்த நிறம் தெரிந்தால் அதனை வைத்துவிட்டு வாருங்கள்.

பாடசாலைக்கோ கல்வி நிலையத்துக்கோ பல அட்டைகள் வாங்குவோர் மற்றுமொன்றைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் 12 இலக்கங்கள் கொண்ட தனி முகவரி உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உற்பத்தியாளரைக் குறிக்கும். தரமற்ற சில அட்டைகள் ஒரே முகவரியைத் தாங்கி வருவதுண்டு. ஒரே வலையமைப்பில் அத்தகைய இரண்டு இருந்தால், ஒரே பெயருடைய இருவருக்கு வந்த கடிதம்போல் தரவு தடுமாறும். வாங்கியவுடன் முகவரிகளைக் குறித்து ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குதலும், அதில் அட்டையின் சில்லெண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதுவித்தலும் கூச்சப்பட வேண்டிய காரியமன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட நேர்ந்தால், அச்சீட்டே உங்கள் சாட்சி. நேர்மையான வணிகர் அதைக் கேட்பவரிடம் சினங்கொள்ளார்.

அட்டையைப் பொருத்துகையில் மின்னிணைப்பை முற்றாகக் கழற்றி, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடலின் நிலைமின்னை நீக்கிய பின்னரே அதனைக் கையிலெடுத்தல் வேண்டும். பொருத்திய பின்னர், வானம் இருண்டு இடிமுழக்கம் தொலைவிற் கேட்கும்போதே, ரவுட்டரின் மின்செருகியையும், தொலைபேசிக் கம்பியையும், கணினிக்குச் செல்லும் வடத்தையும் கழற்றிவிடும் வழக்கத்தை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் பழக்குக. இடி தலைக்குமேல் வந்தபின் கம்பிகளைத் தொடுவது ஆபத்து என்பதையும் அவர்களுக்கு உணர்த்துக. கண்ணாடி நார் இணைப்பு உள்ள வீட்டாரும் இதற்கு விலக்கல்லர். நார் மின்னலைக் கடத்தாதாயினும், ரவுட்டரின் மின்செருகி வழியே அது நுழையும். எவ்வளவு நல்ல அட்டையும் ஒரு மின்னலுக்கு ஈடுகொடாது. பார்த்து வாங்குவது பாதி. வாங்கியதைக் காப்பதே மறுபாதி.