கிரிஸ்டலுக்கு எத்தனை பிபிஎம் என்பதல்ல கேள்வி: எங்கள் நிலைப்பாடு

மின்னணுச் சாதனங்களை ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் தயாரிக்கும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களின் கூட்டமைப்பு என்ற முறையில் இதை வெளியிடுகிறோம். டெண்டரிலும் கொள்முதல் ஆணையிலும் "±20 பிபிஎம் கிரிஸ்டல்" என்று ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகரும் பழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. போர்டில் பொருத்திய பிறகு, சாதனம் உண்மையில் வேலை செய்யும் வெப்பத்தில், அதன் ஆயுள் முழுவதும் அந்தக் கிரிஸ்டல் ஓட்டும் கடிகாரம் எவ்வளவு விலகலாம் என்று எழுத வேண்டும். அந்த விலகலைத் தயாரிப்பு வரிசையிலேயே அளக்கவும் வேண்டும்.

இதை இப்போது பேசவைப்பது மின்மீட்டர். 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, நேரத்துக்கேற்ற கட்டணத்தைக் கொண்டுவந்தது. பெரிய வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் 1 என்றும், விவசாயம் நீங்கலான மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 என்றும் அது நாள் குறித்தது. உச்ச நேரத்தில் வணிக, தொழில் நுகர்வோருக்கு வழக்கமான கட்டணத்தைப் போலக் குறைந்தது 1.2 மடங்கு, வெயில் நேரத்தில் 20 சதவீதமாவது குறைவு. மீட்டருக்குள் ஓடும் கடிகாரம் இனி யூனிட்டின் விலையையே தீர்மானிக்கிறது. உச்ச நேரம் முடியட்டும் என்று மோட்டாரை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் ஒரு மில்லின் மீட்டர் பத்து நிமிடம் பிந்தி ஓடினால், அந்தப் பத்து நிமிடத்துக்கும் மில் உச்ச விலையே கட்டும். தவறு தன்னுடையது அல்ல என்று அந்த நுகர்வோரால் நிரூபிக்கவும் முடியாது.

பத்து நிமிடம் என்பது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. ஒரு பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நாளில் 0.0864 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 2.6 நொடி. ±20 பிபிஎம் கிரிஸ்டல் தன் வரம்பின் ஓரத்தில் நின்றால் மாதம் 52 நொடி, வருடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல். இதுவும் 25 பாகை செல்சியஸில் மட்டும்தான். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிற்கும் அந்த எண், குளிர்சாதன அறைக்குள் இருக்கும் கிரிஸ்டலைப் பற்றியது.

மீட்டரிலும் கைக்கடிகாரத்திலும் இருப்பது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு. அதன் அதிர்வை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். 25 பாகையிலிருந்து வெப்பம் எந்தப் பக்கம் விலகினாலும் இது மெதுவாகும். விலகிய பாகையை வர்க்கப்படுத்தி 0.034ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம் பிந்தும் என்று தெரியும். 45 பாகையில் ஏறக்குறைய 14 பிபிஎம். வெயில் நேரடியாக விழும் இரும்புப் பெட்டிக்குள் 60 பாகை ஆனால் 42 பிபிஎம். ஊட்டியின் மார்கழிக் குளிரில் 5 பாகைக்கு இறங்கினாலும் அதே 14 பிபிஎம் பிந்துகிறது. சூட்டில் இழந்த நேரம் குளிரில் திரும்பி வராது, இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். வருடக்கணக்கில் கிரிஸ்டல் மூப்படைவதால் வரும் சில பிபிஎம் இதற்கு மேல்.

இவற்றையெல்லாம் விட எங்கள் உறுப்பினர்களை அதிகம் வாட்டுவது லோட் கெப்பாசிட்டன்ஸ். கிரிஸ்டல் எந்தக் கெப்பாசிட்டன்ஸைத் தன் காலில் உணர்கிறதோ, அதற்கேற்பவே அதன் அதிர்வெண் அமையும். 12.5 பிகோஃபேரடுக்கு என்று தயாரித்த கிரிஸ்டலை 7 பிகோஃபேரடு மட்டுமே தரும் போர்டில் வைத்தால், வழக்கமான கிரிஸ்டல்களில் எழுபது எண்பது பிபிஎம் முந்தி ஓடும். மாதத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல். அளவு ஒன்று, கால்கள் ஒன்று, டேட்டாஷீட்டின் முகப்பில் இருக்கும் ±20 பிபிஎம்மும் ஒன்றே. கொள்முதல் பிரிவு "அதே பொருள், வேறு கம்பெனி" என்று நல்லெண்ணத்தோடு மாற்றுகிறது. போர்டு ஓடுகிறது, சோதனையில் தேறுகிறது, தவறு களத்தில் தெரிகிறது. மின்கலம் அதிக நாள் வரட்டும் என்று குறைந்த லோட் கெப்பாசிட்டன்ஸ் கிரிஸ்டலை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 12.5இல் ஒரு பிகோஃபேரடு தப்பினால் எட்டு பிபிஎம் போகும் என்றால், 7இல் இருபதுக்கு மேல் போகும். போர்டில் ஓடும் செம்புத் தடமும் சிப்பின் காலும் சேர்ந்தே சில பிகோஃபேரடு தந்துவிடுகின்றன. அதைக் கழிக்காமல் கெப்பாசிட்டர் மதிப்பைக் கணக்கிட்ட வரைபடங்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம்.

ஆகவே, லோட் கெப்பாசிட்டன்ஸ் மதிப்பு எழுதப்படாத கிரிஸ்டல் வரியைப் பொருட்பட்டியலில் ஏற்கக் கூடாது. மாற்றுக் கிரிஸ்டல் எதுவானாலும், வடிவமைப்பாளர் போர்டில் வைத்து அளந்து கையெழுத்திடாமல் தயாரிப்புக்குள் நுழையக் கூடாது. அளக்கும்போது ஆஸிலாஸ்கோப் முனையைக் கிரிஸ்டலின் காலில் வைக்கக் கூடாது. முனையே பத்து பிகோஃபேரடு அளவுக்குச் சேர்த்து, அளக்க வந்த அதிர்வெண்ணை மாற்றிவிடும். கடிகாரச் சிப் வெளியே தரும் ஒரு ஹெர்ட்ஸ் துடிப்பை, ஜிபிஎஸ்ஸைப் பின்பற்றும் அளவீட்டுக் கருவியில் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பதில், எல்லா இடத்திலும் விலையுயர்ந்த பொருளைப் போடுவது என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் நாங்கள் உடன்படவில்லை. இரண்டு சிப்புகள் சாதாரண சீரியல் இணைப்பில் பேசிக்கொள்ள ஆளுக்கு இரண்டு சதவீதம் வரை தப்பலாம். சிப்புக்குள் இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டரே போதும், கிரிஸ்டலே வேண்டாம். புளூடூத் லோ எனர்ஜி ரேடியோவுக்கு ±50 பிபிஎம், ஜிக்பீ போன்றவற்றுக்கு ±40 என்று தரநிலைகளே சொல்லிவிட்டன. 866 மெகாஹெர்ட்ஸில் குறுகிய சேனலில் பேசும் மீட்டர் ரேடியோவுக்கு மட்டும் கணக்கை இறுக்க வேண்டும். இருபது பிபிஎம்மே அங்கே 17 கிலோஹெர்ட்ஸ், இரு முனையும் எதிரெதிராக விலகினால் அதன் இரு மடங்கு.

2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் அசாஹி கசெய் மைக்ரோடிவைசஸ் ஆலை எரிந்தபோது, வெப்பத்தை ஈடுசெய்யும் டிசிஎக்ஸ்ஓக்களுக்கான சிப்புகள் உலகெங்கும் தட்டுப்பாடாயின. உண்மையில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முன்பே எழுதிவைத்த நிறுவனத்தால்தான் அப்படிப்பட்ட நேரத்தில் மாற்று எது என்று துணிந்து முடிவெடுக்க முடியும்.

பெருமளவுத் தயாரிப்புக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வழி வேறு. சாதாரண கிரிஸ்டலையே வாங்குங்கள். ஒவ்வொரு போர்டையும் வரிசையில் சில நொடி அளந்து, அதன் விலகலைச் சிப்பின் திருத்தப் பதிவேட்டில் எழுதுங்கள். இன்று பரவலாகப் பயன்படும் பல மைக்ரோகண்ட்ரோலர்கள் ஏறக்குறைய ஒரு பிபிஎம் படிகளில் திருத்த இடம் தருகின்றன. சிப்புக்குள்ளேயே வெப்பமானி இருந்தால் மேலே சொன்ன வர்க்கக் கணக்கை மென்பொருளே போட்டு ஈடுசெய்யும். கிரிஸ்டலின் பிறவி விலகலையும் கெப்பாசிட்டர் விலகலையும் சேர்த்தே இது சரிசெய்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ±5 பிபிஎம் கிரிஸ்டலும் போர்டின் கெப்பாசிட்டன்ஸ் பிழையைச் சரிசெய்யாது.

ஸ்மார்ட் மீட்டருக்கு வலையமைப்பிலிருந்து நேரம் வந்துவிடுமே, கிரிஸ்டலைப் பற்றி ஏன் கவலை என்ற வாதத்தையும் கேட்கிறோம். தொடர்பு இருக்கும்வரை அது சரி. அடித்தளத்தில், கிராமத்து ஓரத்தில், புயலுக்குப் பின் வாரக்கணக்கில் தொடர்பு அறுந்த மீட்டரும் அதே கட்டணத்தைத்தான் கணக்கிடுகிறது. தொடர்பு இல்லாமல் எத்தனை நாள், அதற்குள் எத்தனை நொடி என்ற இரண்டு எண்களையும் டெண்டர் எழுதுவோர் குறிப்பிட வேண்டும் என்று கோருகிறோம். அதை எட்ட எந்தக் கிரிஸ்டல், எந்தத் திருத்தம் என்பதைத் தயாரிப்பாளரிடம் விட்டுவிடலாம். முடிவைச் சோதித்து ஏற்பதோ நிராகரிப்பதோ வாங்குபவரின் உரிமை.

ஏற்கெனவே களத்தில் இருப்பவற்றைக் கழற்றி வரச் சொல்லவில்லை. எங்கள் உறுப்பினர்கள் அடுத்த தொகுதியிலிருந்து ஒவ்வொரு போர்டின் அளந்த விலகலையும் வரிசை எண்ணோடு பதிந்து, வாங்குபவர் கேட்டால் தருவார்கள். அளவீட்டுக் கருவி வாங்க முடியாத சிறு கூடங்களுக்குப் பொதுவில் பயன்படுத்த ஓர் அளவீட்டு மேசையைக் கூட்டமைப்பே ஏற்படுத்தித் தரும்.