அப்புறம் என்ன ஆச்சு?

வருஷத்துக்கு ஒருமுறை அரசுப் பள்ளி வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. டாக்டர்கள், ஒரு நர்ஸ், ஒரு மருந்தாளுநர். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் பல வகைப் பிரச்சினைகளைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. திட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் தரத்தை நாம் அளக்கிற லட்சணத்தோடுதான் சண்டை.

இத்தனை பள்ளி, இத்தனை பிள்ளைகள், இத்தனை பரிந்துரைச் சீட்டு. மேலே போகிற கணக்கில் முன்னால் நிற்பவை இவைதான். ஒரு பள்ளியில் ஐந்து மணி நேரத்தில் 120 பிள்ளைகளைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டரை நிமிஷம். அதற்குள் உயரம், எடை, கண், காது, பல், தோல், இதயம். வகுப்பே வேடிக்கை பார்க்க, எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் மாதவிடாய் பற்றிக் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? "ஒண்ணுமில்ல டாக்டர்" என்பாள். படிவத்தில் அது 'பிரச்சினை இல்லை' என்று ஏறிவிடும்.

மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவெடிஸ் டொனபீடியன் 1966லேயே எழுதிவிட்டார். நாம் முதல் இரண்டின் தலையை மட்டும் எண்ணிவிட்டு மூன்றாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் அது 54.1. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்த எண் ஏறியிருக்கிறது. மாத்திரை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுத்த மாத்திரையை எண்ணுகிறவர்கள் விழுங்கிய மாத்திரையை எண்ணுகிறார்களா? வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் ஜன்னல் வழியே எறிந்த பிள்ளை எந்தப் பதிவேட்டில் இருக்கிறாள்? இமையைக் கீழே இழுத்து வெளுப்பு பார்ப்பதில் லேசான ரத்தசோகை எளிதாகத் தப்பிவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பரிந்துரைச் சீட்டின் கதை இன்னும் மோசம். இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். பஸ் செலவு வேறு. போனால் "இன்னிக்கு அந்த டாக்டர் இல்ல, வியாழக்கிழமை வாங்க" என்பார்கள். அந்த வியாழக்கிழமை வருவதே இல்லை. சீட்டு புத்தகப் பையில் கிழிந்து போகிறது. அறிக்கையிலோ அந்தப் பிள்ளை ஒரு வெற்றி.

"ஆள் பத்தலைங்க, வண்டி பத்தலைங்க" என்று பதில் வரும். நிஜம்தான். களத்தில் ஓடுகிற நர்ஸைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மருந்து பொய்க்கணக்கு இல்லை. விளைவை எண்ணினால்தான் எங்கே ஆள் போதவில்லை என்பதே வெளியே வரும்.

1946இல் போர் குழு, பள்ளி சுகாதாரச் சேவை இந்த நாட்டில் அநேகமாக இல்லவே இல்லை என்று எழுதியது. இன்றைக்குச் சேவை இருக்கிறது. அது நல்ல சேவையா என்று கேட்டால் வண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லுகிறார்கள்.

நான் கேட்பது நான்கே எண்கள். ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேரை அனுப்பினார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது, கண்ணாடி வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் அதைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண் போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் அதை வாசிக்க வேண்டும். அங்கே ஏதாவது ஒரு அம்மா எழுந்து, "சீட்டு குடுத்தீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகு இலக்கு எட்டியதைப் பற்றிப் பேசுங்கள்.