பனிக்காலத்திற் பாய்ப்படகு

கடலையும் கலத்தையும் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் புயலையும் பேரலையையுமே எழுதுவர். ஓடும் கலத்துக்கு வரும் இடரைப் பேசுவோர் பலர். ஓடாது கரையிற் கிடக்கும் கலத்துக்கு வரும் இடரைப் பேசுவோர் மிகச் சிலர். ஆயினும், குளிர்நாடுகளிற் பாய்ப்படகொன்றின் ஆயுளைக் குறைப்பதிற் கோடைக்காற்றினும் மாரிப்பனிக்கே பங்கு அதிகம் என்பது எமது கருத்து. அப்பனியிலிருந்து படகைக் காக்க இன்று பலரும் கைக்கொள்ளும் முறையொன்று சிறந்ததன்று என்பதும் எமது கருத்தாகும்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை நம்மவர் அறிவர். காற்றையும் நீரோட்டத்தையும் கற்றுத் தேர்ந்த எமது கடலோடிகளுக்குத் தம் துறையிற் பனிக்கட்டியோடு போராடவேண்டிய தேவை இருந்ததில்லை. ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழும் ரொறன்ரோவின் நிலை வேறு. அங்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில், 1852 இல் நிறுவப்பட்ட றோயல் கனேடியப் படகுக் கழகம் முதலாகப் பல கழகங்கள் உள. ஒக்டோபர் மாதமளவிற் படகுகளைப் பாரந்தூக்கியாற் கரையேற்றித் தாங்கிகளில் நிறுத்துவர். மீண்டும் நீரில் இறக்குவது ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ ஆகும். எனவே, ஆண்டிற் பாதியைப் படகு கரையிலேயே கழிக்கின்றது.

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருகும். தீமைக்கெல்லாம் மூலம் இதுவே. இயந்திரத்தின் குளிரூட்டுங் குழாய்களில் எஞ்சிய நீர் உறைந்தால் இரும்பும் வெடிக்கும். சுக்கானுள் ஊறிய நீர் அதனைப் பிளக்கும். பாய்மரத்தை இறக்காது விட்டால், அதன் உள்வழியே வடியும் மழைநீர் படகின் அடியிற் சேர்ந்து உறையும். வடிகாற் றுவாரத்தை நான்கு சருகுகள் அடைத்துவிட்டாற் போதும். மேற்றளம் குளமாகிப் பின்பு பனிப்பாறையாகும். ஆதலின், நீரை வெளியேற்றுதலே முதற் கடமை. வெளியேற்ற இயலாத குழாய்களில் உறையாத் திரவத்தைச் செலுத்துதல் வேண்டும். நஞ்சுடைய எதிலீன் கிளைக்கோலை விடுத்துப் புரொப்பிலீன் கிளைக்கோலைக் கொள்வதே நன்று. வசந்தத்தில் அது சென்று சேர்வது நாம் குடிக்கும் ஏரியில் அன்றோ!

அடுத்தது பனியின் பாரம். புதிதாய் விழும் பனி பஞ்சுபோல் இலேசானது. நனைந்து படிந்த பனியோ கனமீற்றருக்கு 300 கிலோகிராமும் நிறுக்கும். இருபது சதுர மீற்றர் பரப்புள்ள படகொன்றின்மேல் முப்பது சதமமீற்றர் உயரத்துக்கு அத்தகைய பனி படிந்தால், அதன் பாரம் 1,800 கிலோகிராம் ஆகும். படங்கைத் தட்டையாக விரித்துக் கட்டுவோர் இப்பாரத்தைத் தாமே வரவேற்கின்றனர். வீட்டுக் கூரைபோல முகடு வைத்துச் சரிவாக அமைத்தாற் பனி தானே வழுக்கி விழும். படங்கின் கயிறுகளைத் தாங்கிகளிற் கட்டுதல் பெருந்தவறு. காற்றில் அடிக்கும் படங்கு தாங்கியை இழுத்து அகற்றிவிடின் படகே சாய்ந்துவிடும்.

இனி, நாம் மறுக்கும் முறைக்கு வருவாம். படகு முழுவதையும் பொலித்தீன் தாளாற் போர்த்து, வெப்பத்தினாற் சுருக்கி இறுக்கிவிடும் வழக்கம் பரவியுள்ளது. வேலை விரைவில் முடியும், பனி வழுக்கி விழும், கோடையிற் படங்கையும் சட்டத்தையும் வைக்க இடந் தேடவேண்டியதில்லை என்பர் அதனை ஆதரிப்போர். இவை மெய்யே. ஆயின், காற்றுப்புகு வழிகள் விடாது இறுக்கினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் படரும். வழிகள் விட்டாலும், வசந்தத்தில் அத்தாள் வெட்டியெறியப்படுகின்றது. அடுத்த ஆண்டு புதிய தாள் வேண்டும். ஒரு மாரிக்கு ஒரு போர்வை எனில், முப்பது ஆண்டு வாழும் படகுக்கு முப்பது போர்வைகள் குப்பையாகும். ஏரியை நேசிப்பதாகக் கூறுவோர் ஏரிக்கரையிலேயே இக்குப்பையைக் குவித்தல் முறையாகுமா?

சட்டமும் கன்வஸ் படங்கும் முதலிற் செலவு மிகுந்தவையே. எனினும் பல மாரிகளுக்கு உழைப்பவை. தனியொருவருக்கு அச்செலவு பாரமாயின், கழகங்கள் சட்டங்களைப் பொதுவில் வாங்கி உறுப்பினர்க்கு வாடகைக்கு வழங்கலாம். கோடையில் அவற்றை வைக்க ஒரு கொட்டகையும் அமைக்கலாம். கூடி வாழ்தற்கென்றே கழகங்கள் தோன்றின. கூடிக் காத்தலும் அவற்றின் கடனாகும்.

விழா மலரில் இச்செய்தி எதற்கு என வினவுவார்க்கு ஒரு சொல். பாய் விரித்தோடும் படகைக் கரையில் நின்று பாராட்டுவோர் பலர். குளிரிற் கைவிறைக்கக் குழாய்களின் நீரை வடித்து, வடிகாலிற் சருககற்றியவரை எவரும் பாராட்டுவதில்லை. கல்லூரிகளும் அவ்வாறே நிலைத்து நிற்கின்றன. பரிசளிப்பு மேடையில் ஏறாது, கூரையின் ஒழுக்கையும் நூலகத்தின் கறையானையும் ஆண்டுதோறும் கவனித்தவர்களாலேயே நாம் இவ்விழாவைக் காண்கின்றோம். விழா முடிந்தபின் வரும் அமைதியான ஆண்டுகளில் அப்பணியை யார் செய்வது என்பதைப் பழைய மாணவராகிய நாம் இப்போதே தீர்மானித்தல் வேண்டும்.