சம்பளம் வேறு, கடன் வேறு

மால்டன் மில்ஸ் துணி ஆலையின் உரிமையாளர் ஆரன் ஃபியூர்ஸ்டீன் 2021 நவம்பர் 4 அன்று, 95ஆம் வயதில் மறைந்தார். யெஷிவா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் படித்து 1947இல் பட்டம் பெற்றவர். தாத்தா 1906இல் தொடங்கிய ஆலையை நடத்தியவர். மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் இருந்த அந்த ஆலை 1995 டிசம்பர் 11 இரவு எரிந்தது. அன்று அவருக்கு 70 வயது நிறைந்திருந்தது. காப்பீட்டுப் பணத்தோடு ஓய்ந்திருக்கலாம். கூலி குறைந்த நாட்டுக்கு உற்பத்தியைக் கொண்டுபோயிருக்கலாம். அவரோ அதே ஊரில் மீண்டும் கட்டுவேன் என்றார். வேலையிழந்து நின்ற தொழிலாளர்களுக்கு மூன்று மாதச் சம்பளமும் கொடுத்தார். அதற்கான செலவு சுமார் 2.5 கோடி டாலர்.

2001 நவம்பரில் ஆலை திவால் பாதுகாப்பு கோரியது. பின்னர் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. இரக்கமே அவரைக் கவிழ்த்தது என்போர் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாகக் கலக்கிறார்கள். காப்பீடாகக் கிடைத்த சுமார் 30 கோடி டாலரையும் தாண்டிக் கடன் வாங்கி அவர் கட்டினார். மலிவான போட்டித் துணி சந்தைக்கு வந்தது. மெத்தை இருக்கைத் துணிப் பிரிவு வாடிக்கையாளர்களை இழந்து மூடப்பட்டது. கடன் கழுத்தை நெரித்தது இந்தச் சூழலில்தான். கட்டுமானத்தின் அளவைக் குறை சொல்லலாம். சம்பளத்தின் மேல் அந்தப் பழியைப் போடுவது கணக்குப் பிழை.

சம்பளத்தால் ஆலைக்கு என்ன மிஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த ஆலை தயாரித்த போலார்டெக் என்ற துணியின் தரம் பின்னலோடு முடிவதில்லை. பிசிறு எழுப்பி, சீராகக் கத்தரிக்கும் கைப்பழக்கத்தில் இருக்கிறது. இயந்திரத்தைக் காப்பீட்டுப் பணத்தில் வாங்கலாம், அந்தப் பழக்கத்தை வாங்க முடியாது; அது தெரிந்த தொழிலாளர்களைத் தக்கவைக்கத்தான் முடியும். தீக்கு முன் வாரம் 1,30,000 கஜம் தந்த ஒரு பிரிவு, தீக்குப் பின் சில வாரங்களிலேயே 2,30,000 கஜத்தை எட்டியதாக ஃபியூர்ஸ்டீனே சொன்னார்.

அவர் உரிமையாளர், நினைத்ததைச் செய்தார்; பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிர்வாகி என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உற்பத்தி நின்றால் ஏற்படும் இழப்புக்கான காப்பீட்டில் சம்பளத்தையும் சேர்க்க முடியும்; சேர்ப்பதற்கு உரிய காலம் தீக்கு முன்புதான். ஃபியூர்ஸ்டீன் தம் செயலை லாபக் கணக்காகச் சொல்லவில்லை, தம் சமயம் கற்பித்த கடமை என்றார். அந்தக் கடமையை ஒரு தனிமனிதரின் மன உறுதிக்கு விட்டுவிடாமல் ஆலையின் காப்பீட்டு ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது, நிர்வாகத் தொழிலில் இருக்கும் நாம் அவருக்குச் செய்யக்கூடிய அஞ்சலி.