கேட்டதுக்குத்தானே பதில் சொன்னான்!

காவேரிப்பாக்கத்தில் இருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. ஆட்டிசம் இருப்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. நன்றாகப் பேசுவான், படிப்பான். ஏரிக்கு வரும் பறவைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வான்.

போன மாதம் கணக்கு சார் கோபத்தில், “உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?” என்று கேட்டிருக்கிறார். பையன் கொஞ்சம் யோசித்து, “நாலு தடவை சொன்னீங்க சார்” என்றிருக்கிறான். வகுப்பே சிரித்தது. சார் அடித்துவிட்டார். “எதிர்த்துப் பேசறான்” என்று அம்மாவுக்கும் அழைப்பு. லீவு போட்டுவிட்டுப் போய் நின்றிருக்கிறார்.

“என் பையன் திமிரா பேசலைங்க. கேட்டதுக்குத்தானே பதில் சொன்னான்! அன்னையிலேர்ந்து கிளாஸ்ல வாயே திறக்கறதில்லை. நான் யாருக்கு என்னன்னு புரிய வைக்கிறது?”

இந்த வாரம் முழுக்க இந்தக் கேள்விக்குத்தான்.

வார்த்தை ஒன்று, அர்த்தம் வேறொன்று

ஒரு நாளில் நாம் பேசுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். “சாப்பிட்டாச்சா?” என்கிறோம். பாதி நேரம் அது சாப்பாட்டைப் பற்றிய விசாரணையே அல்ல, வணக்கம் மாதிரி. கடன் கேட்டவரிடம் “பார்க்கலாம்” என்றால், தர மாட்டேன் என்று அர்த்தம். குழந்தை பாலைக் கொட்டிவிட்டால், “ரொம்ப நல்லா இருக்கு!” என்கிறோம். “ரெண்டு நிமிஷத்துல வரேன்” என்பதில் எத்தனை நிமிஷம் என்று நமக்கே தெரியாது.

விருந்துக்குப் போன வீட்டில் இருந்து கிளம்பும்போது “போறேன்” என்று சொல்லக் கூடாது, “போயிட்டு வரேன்” என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால், சாவு வீட்டில் அதையே சொல்லிவிடக் கூடாது. இதை யாராவது நமக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்களா? பார்த்துப் பார்த்துத் தானாக ஒட்டிக்கொண்டது.

நம் மொழிக்கு இது புதிதும் அல்ல. சொல் நேராகத் தரும் பொருள் வேறு, குறிப்பால் தோன்றும் பொருள் வேறு என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரம், காமத்துப்பாலில் ஓர் அதிகாரம். குறிப்பை அறிவது தனித் திறமை என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு இது தானாக ஒட்டிக்கொள்வதில்லை. சொன்ன வார்த்தை அப்படியே பளிச்சென்று காதில் விழும். அதன் பின்னால் இருக்கும் குரல் ஏற்ற இறக்கம், முகச்சுளிப்பு, ‘இந்த இடத்தில் இதற்கு இதுதான் அர்த்தம்’ என்ற வழக்கம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் சேர்த்துப் படிப்பதுதான் சிரமம். வகுப்பறைச் சத்தமும் சேர்ந்துகொண்டால் இன்னும் சிரமம்.

அந்தப் பையனுக்கு வந்தது, ‘எத்தனை’ என்று தொடங்கும் ஒரு கேள்வி. அவன் எண்ணிப் பார்த்து, சரியான விடையைச் சொன்னான். அதுவும் கணக்கு வகுப்பில்!

‘ஆமாம்’ என்றால் என்ன அர்த்தம்?

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய ஆய்வுகளுக்கெல்லாம் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று அது. அதில் முதலில் வருபவன் டொனால்ட். “‘ஆமாம்’னு சொன்னா தோள்ல தூக்கிக்கறேன்” என்று அப்பா அவனுக்கு அந்த வார்த்தையைப் பழக்கினார். அவனும் கற்றுக்கொண்டான். ஆனால், அதன்பின் வெகுநாள் அவனுக்கு ‘ஆமாம்’ என்றால், ‘என்னைத் தோளில் தூக்கு’ என்பது மட்டும்தான் அர்த்தம்!

1946-ல் கானர் எழுதிய இன்னொரு கட்டுரையில் ஒரு சிறுவன் வருகிறான். அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அம்மா ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கையில் இருந்த பாத்திரம் நழுவி விழுந்தது. அன்று முதல் அந்த மாதிரிப் பாத்திரத்தைப் பார்த்தாலே அந்தப் பாட்டின் வார்த்தையைச் சொல்வான். கேட்பவர்களுக்கு உளறல். அந்தச் சம்பவம் தெரிந்த அம்மாவுக்கோ அதில் முழு அர்த்தமும் இருக்கிறது.

நம் வீடுகளிலும் இது உண்டு. தாகம் எடுத்தால் “தண்ணி வேணுமா?” என்று வந்து நிற்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தண்ணீர் கிடைத்தபோதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அதுதானே? டி.வி. விளம்பர வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறதென்றால், ‘எப்போது சொல்கிறது?’ என்று கவனியுங்கள். பசியா, பயமா, சந்தோஷமா என்பது பிடிபடலாம்.

புரியாதது யாருக்கு?

‘அடுத்தவர் மனசை ஊகிக்கத் தெரியவில்லை, குறை இவர்களிடம்தான்’ என்பதுதான் ரொம்ப காலம் பெரும்பாலான நிபுணர்களின் பேச்சாக இருந்தது. 2012-ல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அதைத் திருப்பிக் கேட்டார். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. ‘எங்களுக்கு உங்களைப் புரியவில்லை, சரி. உங்களுக்கு எங்களைப் புரிகிறதா?’ என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்.

2020-ல் கேத்தரின் குரோம்டன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். நாம் சின்ன வயதில் காதோடு காது கதை சொல்லி விளையாடுவோமே, அதே மாதிரி. எட்டு எட்டுப் பேராக வரிசைகள். சில வரிசைகளில் எல்லோருக்கும் ஆட்டிசம், சிலவற்றில் யாருக்கும் இல்லை, சிலவற்றில் கலந்து. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குக் குறையாமல் கதையைக் கடத்தியது. கலந்த வரிசையில்தான் அதிகம் நழுவியது. பின்னால் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆனால், ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தியைக் கடத்துவதில் சளைத்தவர்கள் இல்லை என்பது இரண்டிலும் தெரிந்தது.

எனவே, ‘இவனுக்குப் புரியாது’ என்று முடிவு கட்டுவதற்கு முன், ‘நான் புரியும்படி சொன்னேனா?’ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரியும் இல்லை. பழமொழியையும் கிண்டலையும் ரசிக்கும் ஆட்டிசக்காரர்கள் உண்டு. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எல்லாவற்றையும் புரிந்துகொள்பவர்களும் உண்டு.

வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்யலாம்?

• நேராகச் சொல்லுங்கள். “இது என்ன வீடா, சந்தையா?” என்பதற்குப் பதில், “புத்தகத்தை எடுத்து அலமாரியில் வை.”

• ஒரு நேரத்தில் ஒரு வேலை. சொன்னபின் சில விநாடி காத்திருங்கள். உடனே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால், அவனுக்கு அது இன்னொரு புதிய வேலை.

• “அப்புறம் பார்க்கலாம்” வேண்டாம். “இன்னைக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்” என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள்.

• மறைபொருளையும் பாடம் மாதிரி சொல்லிக்கொடுங்கள். “சார் கோபத்துல ‘எத்தனை தடவை’ன்னு கேட்டா, அது கேள்வி இல்லை. ‘சாரி சார், இன்னொரு தடவை சொல்லுங்க’ன்னு சொல்லணும்.”

• ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று எவராவது சொன்னால், அதையும் அப்படியே நம்பிக் கடைப்பிடிக்கும் பிள்ளைகள் இவர்கள். “யார் அப்படிச் சொன்னாலும் அம்மாகிட்ட சொல்லலாம்” என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள். இது மிக மிக முக்கியம்.

அந்த அம்மாவுக்கு: இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர் இருவரிடமும் கொடுங்கள். கெஞ்சத் தேவையில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையை அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. நிபுணர் உதவி வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் குழந்தைகளுக்கான ‘நம்பிக்கை நிலையம்’ உங்களுக்குப் பக்கம்தான். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு தெரியும். ஆனால், சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லும் ஆசிரியரால் பயன்பெறுவது அந்த ஒரு பிள்ளை மட்டும் அல்ல. கடைசி பெஞ்சில் புரியாமலே தலையாட்டும் பத்துப் பேருக்கும் அன்றைக்குப் பாடம் புரியும்.